மணப்பாட்டிலிருந்து பொதிகைச் சிகரம்

மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் நிற்கின்ற மணற்குன்றின் மேல், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த தை மாதத்து வைகறையொன்றில் ஏறி, கடலுக்கு முதுகு காட்டி, மேற்குக்கும் வடமேற்குக்கும் இடையே நோக்குவோமானால், பனங்காடுகளுக்கும் செம்மணல் தேரிகளுக்கும் அப்பால் அடிவானத்தை ஒட்டி நீலநிறமாக ஒரு மலைத்தொடர் எழுந்து நிற்பதைக் காணலாம். வெயில் ஏற ஏற அது மங்கி மறைந்துவிடும். ஆதலால் காலையில் எழுந்தவர்க்கே அந்தக் காட்சி உரியது. அத்தொடரின் முடிகளுள் தலையாயது அகத்தியர் மலை என்றும் பொதிகை என்றும் நம்மவர் போற்றும் சிகரம். அதன் உயரம் 1,868 மீட்டர்; மணப்பாட்டிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். தென்கரைக் கடலோடிகள் இந்த மலைமுடிகளையும் கோயில் கோபுரங்களையும் கணியமாக, அதாவது இடங்காட்டும் குறியாகக் கொண்டே நடுக்கடலில் தம் மீன்பாடுகளை அடையாளம் கண்டுவந்தார்கள். கடல்மீது நின்று தலைமுறை தலைமுறையாய்ப் பார்த்த மலையின்மீது ஒருமுறை ஏறி நிற்க வேண்டும் என்ற ஆசை இக்கரையில் பிறந்தவர்க்கு எழுவது இயல்பு. அந்த ஆசையை முறையாக நிறைவேற்றிக்கொள்ளும் வழியை இந்த அத்தியாயத்தில் கூறுவோம்.

மலைக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு கண்ணால் காண்பதோடு முடிவதில்லை. பொதிகையின் பூங்குளத்தில் பிறப்பதாகக் கூறப்படும் தாமிரபரணி, தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே ஏற்கும் அந்த மலைக்காடுகளின் கருணையால் வற்றாத ஜீவநதியாகி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, மணப்பாட்டுக்கு வடக்கே இதே கடற்கரையில் புன்னைக்காயல் அருகே சமுத்திரத்தில் கலக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் திருச்செந்தூர்ப் பக்கத்து வாழைக்கும் நெல்லுக்கும் ஊட்டுவது அந்த மலையின் நீரே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் பூகோள நூல் இயற்றிய தாலமி, பெத்திகோ என்றொரு மலையையும், சோலன் என்றோர் ஆற்றையும், கொல்கை என்றொரு துறையையும் குறிப்பிடுகிறார். அவற்றை முறையே பொதிகை, தாமிரபரணி, கொற்கை என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். காளிதாசனது இரகுவம்சத்தில் பாண்டியர் இரகுவுக்குத் திறையாக அளிப்பவை தாமிரபரணி கடலொடு கூடுமிடத்து விளைந்த முத்துக்களே. ஆகவே நம் முத்துக்குளித்துறையின் கீர்த்தியை உலகத்தார் எழுதிய இவ்விடங்களில் அந்த ஆற்றின் பெயரும் உடன் வந்திருக்கிறது.

இனி வழியைப் பற்றி. சிகரம் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கிறது. முன்னாளில் நம்மவர் பாபநாசத்திலிருந்து காரையாறு சென்று, அணை நீரைப் படகில் கடந்து, பாணதீர்த்த அருவியின் வழியே கிழக்குப் புறமாக ஏறினார்கள். அந்தக் காடு 1988-இல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபின், அவ்வழி படிப்படியாகப் பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. யாரோ ஒருவர் ‘எனக்கு வழி தெரியும், இரகசியமாக அழைத்துப் போகிறேன்’ என்று சொன்னால் அதற்கு ஒருபோதும் உடன்படக் கூடாது. அது சட்ட விரோதம் மட்டுமன்று, புலியும் கரடியும் யானையும் உலவுகின்ற காட்டில், நாம் எங்கே இருக்கிறோம் என்று வனத்துறைக்கே தெரியாதபடி நுழைவதும் ஆகும். இன்று முறையாக ஏறத்தக்க வழி மேற்கே, திருவனந்தபுரம் மாவட்டத்துப் போணக்காட்டிலிருந்து புறப்படுவது ஒன்றே.

அதற்குக் கேரள வனத்துறையின் அனுமதி இன்றியமையாதது. பெரும்பாலும் தைப் பிறப்பையொட்டித் தொடங்கி மாசி வரை நீளும் ஒரு குறுகிய காலத்துக்கே மலை திறந்துவிடப்படுகிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. பதிவு இணையம் வழியாக நடப்பதால், தொடங்கிய சிறிது நேரத்திலேயே நல்ல நாட்களெல்லாம் தீர்ந்துவிடும். எனவே மார்கழி மாதம் பிறந்ததுமே வனத்துறையின் அறிவிப்பை நாள்தோறும் கவனித்து வருவதும், உடன் வருவோர் அனைவருடைய அடையாள அட்டை விவரங்களையும் ஒரே தாளில் எழுதி ஆயத்தமாக வைத்திருப்பதும் புத்திசாலித்தனம். மருத்துவச் சான்று கேட்கப்படும். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. பிளாஸ்டிக் பொருள்கள், மது, புகையிலை, பூஜைத் திரவியங்கள் ஆகியவை தடுக்கப்பட்டவை. கட்டணமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆதலால் அவ்வாண்டின் அறிவிப்பையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும்.

நெடுங்காலம் பெண்கள் இம்மலையில் ஏற அனுமதிக்கப்படவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் அந்தத் தடை நீங்கியது. 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் என்ற அரசு அதிகாரி, அத்தீர்ப்புக்குப்பின் சிகரத்தை அடைந்த முதற்பெண்ணானார். மணப்பாட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாகச் செல்லத் தடை ஏதும் இன்று இல்லை. செல்ல வேண்டும் என்பதே இந்நூலாசிரியனின் விருப்பமும்.

அனுமதி கிடைத்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். கடல் மட்டத்தில் வாழ்பவர்களாகிய நமக்கு அப்படியன்று. இவ்வூரில் நாம் ஏறுகின்ற உயரமெல்லாம் மணற்குன்றும் மாடிப்படியும்தான். இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஏறிப் போய் அதே தூரத்தை இறங்கி வரவேண்டிய யாத்திரைக்குத் தேகத்தைப் பழக்காமல் புறப்படுவது, உடன் வருகின்றவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் நாம் இழைக்கும் தீங்கு. அதிர்ஷ்டவசமாக நம்மிடத்தில் அதற்கு வேண்டிய பயிற்சிக்களம் இருக்கிறது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் அதிகாலையில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள்: வைத்த கால் புதைந்து பின்னுக்கு இழுக்கும், கெண்டைச் சதை எரியும், மூச்சு மேல்மூச்சாக வாங்கும். இரண்டு மாதம் வாரத்தில் சில நாள் அவ்வாறு நடந்து, பிற்பாதியில் முதுகில் ஐந்து கிலோ சுமையையும் ஏற்றிக்கொண்டால், ஏற்றத்துக்கு வேண்டிய வலிமை தானே வந்து சேரும். ஆனால் தேரி ஏற்றத்தைத்தான் கற்பிக்கும், இறக்கத்தைக் கற்பிக்காது. மலையில் முழங்காலைச் சோதிப்பது இறக்கமே. அதற்கு உயரமான கட்டடத்தின் படிகளில் நிதானமாக, குதிகாலை ஓங்கி ஊன்றாமல், இறங்கிப் பழகுவதே தக்க உபாயம். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், ஊர் ஊராக இந்த மணலிலேயே கால்நடையாகச் சென்று ஊழியம் செய்தார் என்பதை நினைப்போர்க்கு இந்தப் பயிற்சி பாரமாகத் தோன்றாது.

கொண்டு செல்லும் மூட்டையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். புதுக் காலணி வேண்டா. இரண்டு மாதமேனும் அணிந்து பழகிய, அடிப்பாகம் வழுக்காத ரப்பர் காலணியே உதவும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெட்டாதவர்களின் நகம் இறக்கத்தில் காலணியின் முன்புறத்தில் இடைவிடாமல் மோதி, மூன்றாம் நாள் மாலையில் கறுத்துப்போயிருக்கும். கடற்கரை வெக்கைக்குப் பழகிய நம் உடம்பு மலையிரவின் குளிரை எளிதில் தாங்காது; கனத்த போர்வை ஒன்றும், காதை மூடும் துணி ஒன்றும், மாற்றுடையும், கைவிளக்கும் வேண்டும். அட்டைக் கடிக்கு உப்பைச் சிறு துணியில் முடிந்து எடுத்துக்கொள்ளலாம். தீனியாக உடன்குடிக் கருப்பட்டியையும் சுக்கையும் வறுத்த நிலக்கடலையையும்விடச் சிறந்தவை எவையும் இல்லை: கனம் குறைவு, கெடுவதில்லை, களைத்த தேகத்துக்கு உடனே வலுத் தரும். பிளாஸ்டிக் பை கூடாது என்று விதி இருப்பதால் இவற்றை எதில் வைப்பது என்று பிற ஊரார் திகைப்பர். மணப்பாட்டாருக்கு அந்தத் திகைப்பு வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெண்கள் குருத்தோலையை ஈர்க்கு நீக்கிச் சீராகக் கிழித்துப் பின்னும் மூடிபோட்ட ஓலைப்பெட்டி, இதற்கென்றே அமைந்தது போன்றது. உள்ளே கருப்பட்டி கசிந்தாலும் பிசுக்குப் பரவாது, நசுங்கினாலும் நிமிர்ந்துவிடும். தண்ணீருக்கு உலோகக் குடுவை.

பிரயாணம் எளிது. மணப்பாட்டிலிருந்து கடற்கரைச் சாலையில் உவரி வழியாகக் கன்னியாகுமரி, அங்கிருந்து நாகர்கோவில், திருவனந்தபுரம். முதல் நாள் இரவை அந்நகரிலோ, நெடுமங்காட்டைத் தாண்டி விதுரையிலோ கழித்து, விடியலில் போணக்காடு செல்லும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை மூடிக்கிடக்கும் போணக்காட்டுத் தோட்டத்தைக் கடந்து வனத்துறையின் சோதனை நிலையத்தை அடைந்தால், அங்கே பைகளைச் சோதித்து, யாத்திரிகர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வழிகாட்டியோடு அனுப்புவார்கள். காலை உணவை அங்கேயே முடித்து, மதியத்துக்குப் பொட்டலமும் வாங்கிக்கொள்ளலாம். தாமதமாகப் போய்ச் சேர்கின்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். ஏனெனில் இருட்டுவதற்குள் எல்லோரும் அதிருமலை முகாமை அடைந்தாக வேண்டும்.

முதல் நாள் நடை நீளமானது; ஆயினும் அதன் முற்பாதி கடினமன்று. லாத்திமொட்டை, கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இடங்களில் ஓடைகள் குறுக்கிடும்; நீர் குளிர்ந்து தெளிந்திருக்கும். இந்த நீரெல்லாம் மேற்கே திருவனந்தபுரத்துப் பக்கம் ஓடுவது. நம் தாமிரபரணிக்கு உரியது முகட்டுக்கு அப்பால். காட்டின் நிழலில் நடக்கும்போது தரையில், பலாக்காயைச் சிறிதாக்கினாற்போல் முள் நிறைந்த காய்கள் பிளந்து கிடப்பதைக் காணலாம். அவை வெடிப்பலா மரத்தின் காய்கள். பிளந்த காய் புதிதாக, வெட்டுவாய் ஈரம் உலராமல் இருந்தால், அங்கேயே நின்று ஓசையின்றி மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும்: கரிய உடலும் நரைத்த பிடரியுமாகச் சோலைமந்திகள் கிளைகளில் இருக்கக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத அந்த ஜீவன்களுக்கு இந்த மரமே பெரிய ஆதாரம். பேச்சை நிறுத்தாத குழுக்கள் அவற்றைக் காண்பதே இல்லை.

வழிகாட்டிகளிற் பெரும்பாலோர் காணி மக்கள். இந்த வனம் அவர்களுடைய வீடு. ஆகவே அவர்களை ‘அண்ணாச்சி’ என்று நம் ஊர் வழக்கப்படி மரியாதையோடு அழைத்து, அவர்கள் நிற்கச் சொன்னால் நின்று, நடக்கச் சொன்னால் நடந்து செல்ல வேண்டும். காணிகளின் ஞானம் எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1987-இல் இம்மலைக்கு வந்த தாவரவியல் அறிஞர்கள் களைத்துத் தள்ளாடியபோது, உடன் வந்த காணிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அந்தச் செடியிலிருந்து, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. அதன் வருவாயில் காணிகளுக்கும் பங்கு தருவதென்று ஏற்பட்ட ஒப்பந்தம், பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பயனை அவர்களுக்கே அளிக்க முயன்ற முன்னோடி ஏற்பாடுகளில் ஒன்றாக உலகெங்கும் பேசப்பட்டது. இதைக் கேட்டுவிட்டுச் செடியைத் தேடிப் பிடுங்க எவரும் துணியலாகாது. இக்காட்டில் ஓர் இலையைக் கிள்ளுவதற்கும் நமக்கு உரிமையில்லை.

பிற்பகலில் புல்வெளி வரும். வெயில் தலையில் இறங்கும். அதன்பின் வருவன ஏழுமடக்குத் தேரி, முட்டிடிச்சான் தேரி என்னும் ஏற்றங்கள். முழங்கால் மார்பில் முட்டும்படி ஏறவேண்டிய செங்குத்து பின்னது, பெயரே எச்சரிக்கை. அங்கே விரைவாக ஏறி, பின் நின்று இளைப்பாறி, மறுபடியும் விரைவது தவறான முறை. பேசிக்கொண்டே நடக்க முடிகின்ற அளவுக்கு மெதுவாக, நிற்காமல் ஏறுவதே முறை. குழுவில் மிகவும் தளர்ந்தவரை முன்னே விட்டு, அவருடைய நடைக்கே எல்லோரும் நடக்க வேண்டும்.

அதிருமலை முகாமில் கொட்டகையில் பாய் விரித்துப் படுக்கை. இரவு உணவாகச் சுடச்சுடக் கஞ்சியும் பயறும். பகலெல்லாம் நடந்து வந்தவர்க்கு அந்தக் கஞ்சியின் சுவையை எழுத்தில் வடிக்க இயலாது. முகாமைச் சுற்றி யானைக்காக அகழி வெட்டப்பட்டிருக்கிறது. இருட்டியபின் அதைத் தாண்டி ஓரடியும் வெளியே போகக் கூடாது. காற்று இரவெல்லாம் கொட்டகையை உலுக்கும்.

இரண்டாம் நாள் விடிந்ததும் சிகரத்துக்கு ஏறுவது. சுமைகளை முகாமிலேயே விட்டு, தண்ணீரும் தீனியும் மட்டும் எடுத்துச் செல்லலாம். தூரம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஆறும் முந்தின நாளின் முழு நடைக்கு ஈடானவை. யானைகள் விரும்பித் தின்னும் சிறு மூங்கிற் புதர்களினூடே வழி செல்வதால் வழிகாட்டியை முந்தி ஒருவரும் போகலாகாது. பொங்காலைப்பாறையைக் கடந்தபின் மரங்கள் குறுகி, பாசி போர்த்து, காற்றுக்குத் தலைவணங்கியபடி நிற்கும். பின்பு வெறும் கருங்கற்பாறை. செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றைப் பிடித்துக் கையால் உடலை இழுக்க முயல்வோர் பாதியிலேயே சோர்ந்துபோவர். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, உள்ளங்கால் முழுதும் பாறையில் பதியும்படி ஊன்றி, காலால் ஏறிக் கையால் நிலைகொள்ள வேண்டும். வலைக்கயிறும் நங்கூரக் கயிறும் இழுத்துப் பழகிய கைகளுக்கு இது விரைவில் வசமாகும். ஒரு கயிற்றில் ஒருவர் ஏறி முடிந்தபிறகே அடுத்தவர் அதைத் தொட வேண்டும்.

இங்கே, இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். பாறையின் அடியில் நிற்கும்போது மேகம் இறங்கி மூடினாலோ, மழைத் தூற்றல் விழுந்தாலோ, நிற்க முடியாதபடி காற்று அறைந்தாலோ, வழிகாட்டி ‘போதும்’ என்று சொன்னாலோ, அவ்விடத்திலிருந்தே திரும்பிவிட வேண்டும். இவ்வளவு தூரம் வந்தோமே, அனுமதிக்கு எவ்வளவு பாடுபட்டோம் என்று கணக்குப் பார்க்கலாகாது. கடலுக்குப் போன நம் பெரியவர்கள், காற்று மாறுகிறது என்று கண்டதும் வலையை நனைக்காமலே கரைக்குத் திரும்பியதில்லையா? அதை எவரேனும் கோழைத்தனம் என்று சொன்னதுண்டா? அந்த விவேகம் இக்கரையாரின் பிதுரார்ஜிதம். மலையிலும் அதையே கொண்டு நடக்க வேண்டும். நனைந்த கருங்கல் மன்னிப்பதில்லை.

வானம் இசைந்தால், உச்சியில் அகத்தியரின் சிலையருகே நிற்கலாம். மேற்கே நெய்யாறு, பேப்பாறை அணைகளின் நீர்ப்பரப்பு. வடக்கே ஐந்தலைப் பொதிகையின் முடிகள். கிழக்கே காரையாறு அணையும், அதற்கப்பால் நெல்லைச் சீமையின் சமவெளியும். மணப்பாட்டுக் குன்றை அங்கிருந்து கண்ணால் பிரித்தறிய இயலாது. ஆனால் எந்தத் திசையில் நம் ஊர் இருக்கிறதென்று காரையாற்று நீரின் போக்கைக் கொண்டே உணரலாம். இந்த உச்சியில் 1855-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது என்றால் நம்புவது அரிது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்துக்கு 1852-இல் இயக்குநராக வந்த ஜான் ஆலன் புரூன் என்ற அறிஞர், தாழ்ந்த இடத்திலும் உயர்ந்த இடத்திலும் ஒரே காலத்தில் பூமியின் காந்த அசைவுகளையும் வானிலையையும் அளந்து ஒப்பிட வேண்டும் என்று கருதி, கருவிகளையெல்லாம் காட்டின் வழியே சுமந்து வரச்செய்து இங்கே நிலையம் அமைத்தார். கயிற்றைப் பற்றி வெறுங்கையோடு ஏறுவதே நமக்குப் பிரயாசையாக இருக்க, நுண்ணிய கருவிகளைத் தோளில் தாங்கி ஏறிய பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களை அங்கே நின்று நினைத்துப் பார்ப்பது தகும்.

உச்சியில் அதிக நேரம் தங்க அனுமதியில்லை. நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். கயிறுள்ள இடங்களில் பாறையைப் பார்த்தபடியே பின்னோக்கி இறங்குவது பத்திரம். அன்றிரவும் அதிருமலையிலேயே தங்கி, மூன்றாம் நாள் காலையில் போணக்காட்டுக்குத் திரும்ப வேண்டும். அன்றுதான் விபத்துகளுக்கு வாய்ப்பு அதிகம்: காரியம் முடிந்தது என்ற எண்ணத்தில் கால் அசட்டையாகிறது. முழங்கால் வலிப்பவர் தடியூன்றி, குறுகிய அடிகளாக வைத்து வரலாம். கொண்டுபோன ஒவ்வொரு காகிதமும் பையிலேயே திரும்பி வரவேண்டும்.

மலையேற முடியாத முதியோரும், அனுமதி கிடைக்காதவரும் மனம் தளர வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் செல்லலாம். உலகம்மை உடனுறை பாபநாசநாதர் கோயிலின் முன் தாமிரபரணி மலையைவிட்டு வெளிப்படும் அழகைக் காணலாம். சிறிது மேலே அகத்தியர் அருவியில் நீராடலாம். அதற்கும் மேலே கலியாண தீர்த்தம். காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பதிந்து, குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் அங்கே பெருங்கூட்டம் கூடும். முதியோரை அழைத்துச் செல்வோர் அந்த நாட்களைத் தவிர்த்து, தை, மாசி மாதங்களில் ஒரு வாரநாளைத் தேர்ந்துகொள்வது நலம்.